தத்துவமும் தறியும்

அம்மையார்குப்பத்திற்கு அண்மையிலுள்ள திருத்தணியில் 1888-இல் பிறந்தவர் டாக்டர் இராதாகிருஷ்ணன். ஆண்டுதோறும் செப்டம்பர் 5-இல் ஆசிரியர்களாகிய நாம் அவர் படத்துக்கு மாலை சூட்டுகிறோம். மாலை சூட்டிய கையால் அவர் நூலையும் புரட்டினோமா?

1926-இல் ஆக்ஸ்போர்டில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள், 'இந்து வாழ்க்கை நோக்கு' என்று பொருள்படும் ஆங்கில நூலாயின. நயமான நடை, ஆழ்ந்த புலமை. மறுக்கவில்லை. ஆன்மாவில் அனைவரும் ஒன்று என்கிறார் அறிஞர். நன்று! ஆனால் அதே நூலில், நால்வருணத்தை இயல்புக்கேற்ற பகுப்பு, சமுதாய இசைவு என்று விளக்குகிறார். யாருடைய இயல்பு, தோழர்களே? அதை அளந்தவர் யார்? ஆன்மாவில் சமத்துவம், தெருவில் படிக்கட்டு; இதுவா அறம்?

அம்மையார்குப்பத்து நெசவாளியைக் கேளுங்கள். மேலே எழுந்த பாவிழை அடுத்த மிதிப்பில் கீழிறங்கும், கீழிருந்தது மேலெழும். சில இழைகள் மேலேயும் சில கீழேயும் என்றென்றும் நின்றால் துணியே இல்லை. இஃது ஏட்டில் கற்றதன்று. கையும் காலும் கற்ற நடைமுறை அறிவு. விசைத்தறி ஓடும் இந்நாளிலும் தறியின் நீதி மாறவில்லை. பேரறிஞரின் தத்துவத்தில் நாம் காணாதது அந்த அறிவைத்தான்.

சொன்னவர் பெருமையை விட்டுச் சொன்னதை ஆராய்வதே 'அறிவுடைமை' அதிகாரத்தில் வள்ளுவர் காட்டிய வழி. அவ்வழி நின்று மாணவர்க்குச் சொல்வோம்: ஆசிரியருக்கு வணக்கம், அவர் நூலுக்கு வினா!