கற்பனைக் கதைகளில் பேருருவ விலங்குகள்

கதை எழுதுவோருக்கு விலங்கொன்றைப் பெரிதாக்குவதினும் எளிய வேலை வேறில்லை. எலி யானையளவு இருந்ததென எழுத ஒரு வரி போதும். மையும் அதிகம் செலவாகாது. அவ்வெலி தன் மெல்லிய கால்களில் நிற்குமோவென நாம் வினவினால், "கற்பனைக்குக் கணக்கேது?" என்று சினங்கொள்வாரும் உளர். அன்னார்க்கு விடையாக ஆங்கில நாட்டுக் கதைகள் இரண்டினை ஈண்டு ஆராய விரும்புகின்றோம்.

முதலாவது, ஜானதன் ஸ்விப்ட் 1726-இல் வெளியிட்ட கலிவரின் யாத்திரை. அதில் வரும் பிராப்டிங்நாக் நாட்டில் மக்களும் மாக்களும் நம்மினும் 12 மடங்கு பெரியர். அரசன் இலாயத்துக் குதிரைகள் ஏறத்தாழ 60 அடி உயரம்! உயரம் 12 மடங்காயின் நீளமும் அகலமும் அவ்வாறே வளருமாதலால், எடை 1,728 மடங்காகும்; அதனைத் தாங்கும் எலும்பின் குறுக்குப் பரப்போ 144 மடங்கே. 500 கிலோ குதிரை 864 டன்னாகும். கடல்நீர் தாங்க மிதந்து வாழும் நீலத் திமிங்கிலமும் 200 டன்னைத் தாண்டுவதரிது. ஓரடி வைக்குமுன் அக்குதிரையின் கால் முறியும். பருத்த பிராணிக்கு எலும்பு எத்துணை தடிக்க வேண்டுமென்பதைக் கலிலியோ 1638-ஆம் ஆண்டு நூலிலேயே படம் வரைந்து காட்டியுள்ளார்.

ஸ்விப்ட் இக்கணக்கை அறியாதவரல்லர். லில்லிபுட்டின் கணித வல்லுநர் கலிவருக்கு உணவளக்கும்போது, 12-ஐ மும்முறை பெருக்கும் முறையிலேயே 1,700-க்கு மேற்பட்டோர் உணவை வகுக்கின்றனர். ஆயினும் அவரை நாம் மன்னிக்கலாம். மனிதரின் அழகும் ஆணவமும் அருகிற் பார்த்தால் எத்தன்மையவென்று காட்டும் பூதக்கண்ணாடியே அவருடைய பேருருவம். கண்ணாடிக்குக் கால் வேண்டுவதில்லை.

எச்.ஜி. வெல்ஸ் செய்தி வேறு. இவர் ஹக்ஸ்லியிடம் உயிர்நூல் பயின்றவர். விஞ்ஞானத்தின் பெயரால் கதை சொல்பவர். 1904-இல் வெளிவந்த 'தேவர்களின் உணவு' என்னும் இவரது நாவலில், ஒரு புதிய உணவை உண்ட கோழிகளும் குளவிகளும் எலிகளும் அச்சந்தரும் அளவில் வளர்கின்றன. பூச்சிக்கு நுரையீரலில்லை, உடலெங்கும் பரவிய நுண்குழல்கள் வழியே காற்றுச் செல்லும், உடல் பெருத்தால் உள்ளுறுப்புக்குக் காற்று எட்டாது. ஹக்ஸ்லியின் மாணாக்கர் இதனைப் பாராது விட்டது நமக்கு ஏமாற்றமே.

நிற்க. குறை கூறிய நாமே அந்நாவலை இருமுறை படித்தோம். காரணம் யாதெனின், அங்கே பேருருவம் தனித்து நிற்கவில்லை. பண்ணையாட்களின் அசட்டையால் உணவு சிந்துகிறது, களைகளும் வளர்கின்றன, இரவில் வண்டியிற் செல்லும் மருத்துவரின் குதிரையை எலிகள் வளைக்கின்றன. ஒரு பிராணி பெருத்தால் ஊரே நிலைகுலையுமென்பதை வெல்ஸ் மறக்கவில்லை. எலும்புக் கணக்கிலே தவறி, உலகக் கணக்கிலே வென்றார்.

1933-இல் வந்த கிங் காங் படத்திலோ குரங்கு தீவில் ஓரளவும் நியூயார்க்கில் வேறோரளவும் கொள்கிறது. அது பற்றி விரிப்பானேன்!

மெய்யான பேருருவை யானையிடம் கற்கலாம். தூண்போன்ற கால், உடற்சூட்டை வெளியேற்றும் அகன்ற செவி, துள்ளிக் குதிக்க இயலாமை, நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி. ஒரு கூட்டம் புகுந்த வாழைத்தோட்டத்தை மறுநாட் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. நம்மவர் எழுதும் மாயமலைக் கதைகளில், குகைவாயில் காக்கும் மலைப்பாம்பு வழிப்போக்கரை விழுங்குகிறது. நன்று. வழிப்போக்கர் வாராத மாதங்களில் அது எதனை உண்ணும்?