பௌஸ்ட் நாடகத்தின் பணத்தாள்: மத்திய வங்கியும் பொதுத்தேவையும் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

இலக்கியப் பிரதியொன்றைச் சான்றாக நிறுத்தி நிதிக் கொள்கையை நியாயப்படுத்தும் வழக்கம் புதிதன்று. ஆயினும், ஒரு நாட்டின் மத்திய வங்கித் தலைவரே இலக்கிய விமர்சகராக மாறும்போது அவ்வாசிப்பினைப் பரிசீலித்தல் இலக்கிய மாணவரின் கடமையாகின்றது. 2012 செப்டெம்பர் 18ஆம் திகதி, கேதே பிறந்த நகராகிய பிராங்பேர்ட்டில், ஜேர்மன் மத்திய வங்கியின் அன்றைய தலைவர் யென்ஸ் வைட்மன் ஓர் உரையாற்றினார். ‘பௌஸ்ட்’ இரண்டாம் பாகத்தின் முதலாம் அங்கத்தில் வரும் பணத்தாள் காட்சியை எடுத்துக்கொண்டு, அரசின் செலவுக்குப் பணம் ஆக்கும் அதிகாரம் எத்துணை ஆபத்தானது என்பதற்கு அதனைச் சான்றாக்கினார். கடன்சுமையால் நெருக்கடிக்குள்ளான நாடுகளின் அரச முறிகளை முன்கூட்டிய உச்சவரம்பு எதுவுமின்றி வாங்கத் தயாரென ஐரோப்பிய மத்திய வங்கி அதற்குப் பன்னிரண்டு நாள்களுக்கு முன்னரே அறிவித்திருந்தது. அவ்வறிவித்தலை எதிர்த்து நின்றவர் வைட்மன். எனவே அவர் கேதேயை நாடியமை வெறும் இலக்கிய ரசனையின்பாற்பட்டதன்று என்பது தெளிவு.

அவரது வாசிப்பின் சாரம் எளிமையானது. பேரரசனின் திறைசேரி வெறுமையாகின்றது. அரசவைக் கோமாளியின் வேடத்தில் நுழையும் மெபிஸ்ரோபிலிஸ் பணத்தாளை அச்சிடத் தூண்டுகின்றான். தொடக்கத்தில் எல்லோரும் மகிழ்கின்றனர். ஈற்றில் பணமுறைமை குலைகின்றது. எனவே அரசு பணத்தின்மீது கைவைத்தலே சாத்தானின் வேலை. இவ்வாசிப்பு பிரதியின் எந்தப் பகுதிகளைக் கண்டுகொள்ளவில்லை என்பதே எமது வினா.

பணத்தாள் தோன்றுவதற்கு முன்னரே அப்பேரரசு நெருக்கடியுள் மூழ்கிவிட்டது என்பதை நாம் முதலில் மனங்கொள்ளுதல் வேண்டும். நீதி குலைந்துவிட்டதென முதலமைச்சர் முறையிடுகின்றார். கூலி பெறாத படைவீரர் நாட்டைச் சூறையாடுவதாகப் படைத்தலைவர் கூறுகின்றார். வரவிருக்கும் ஆண்டுகளின் வருவாய் இப்பொழுதே கடனுக்கு ஈடாகிவிட்டது. இவையனைத்துக்கும் காரணத்தைச் சொல்பவர் திறைசேரி அதிகாரியே: பிரபுக்களுக்கு உரிமைகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்ததனால் அரசிடம் எஞ்சிய உரிமை எதுவுமில்லை. வரி செலுத்தும் கடப்பாட்டிலிருந்து சொத்துடைய வர்க்கம் விலகிக்கொண்டதன் விளைவே வெறுமையான திறைசேரி என்பது இதன் பொருள். நிலப்பிரபுத்துவ அரசொன்றின் சிதைவைக் கேதே இத்துணைத் துல்லியமாகக் கண்டமை தற்செயலன்று. வைமார் அரசின் நிதி நிருவாகத்தை 1782இல் பொறுப்பேற்றவர் அவர். இல்மெனாவ் சுரங்கத்தை மீளத் திறப்பதற்காக ஆண்டுக்கணக்கில் உழைத்து அது தோல்வியுற்றதையும் கண்டவர். நாடகத்திலே பணத்தாளுக்கு ஈடாக நிலத்தினடியிற் புதையுண்ட செல்வம் காட்டப்படுவதை வாசிக்கும்போது இல்மெனாவ் எமக்கு நினைவுக்கு வராமற் போகாது.

அடுத்து, அப்பணம் யார் கைக்குச் சென்றது? களியாட்ட இரவில், தான் என்ன செய்கின்றோம் என்ற நினைவின்றிப் பேரரசன் ஒப்பமிடுகின்றான். ஓரிரவுக்குள் அவ்வொப்பம் ஆயிரக்கணக்கிற் பெருக்கப்படுகின்றது. பழைய கடன்கள் தீர்கின்றன, படைவீரர் கூலி பெறுகின்றனர். எஞ்சியதை அவன் அரசவையினருக்கு வாரி வழங்கி, என்ன செய்வீர்களென வினவுகின்றான். ஒருவனுக்கு நல்ல மது, ஒருவனுக்குச் சூதாட்டம், ஒருவனுக்குக் காதலிக்கு அணிகலன், இன்னொருவனுக்கு ஏற்கனவேயுள்ள சேமிப்போடு மற்றொரு சேமிப்பு. புதுச்செயலுக்கான ஊக்கத்தை எதிர்பார்த்த அரசனே சலிப்புறுகின்றான். அணை, பாதை, களஞ்சியம் எதுவும் அங்கே எழவில்லை. பழைய கோமாளி மட்டுமே தாள்களைக் கொண்டு அன்றிரவே நிலமும் வீடும் வாங்க ஓடுகின்றான். இக்காட்சியின் நகைச்சுவை ஆழமானது. தாளை உண்மைச் செல்வமாக மாற்றத் தெரிந்தவன் கோமாளி ஒருவனே.

ஆகவே அக்காட்சியின் கண்டனம் எதன்மீது விழுகின்றது? உழைப்பாலும் உற்பத்தியாலும் நிரப்பப்படாத பணத்தின்மீதும், அதனை நுகர்ந்து தீர்க்கும் ஒட்டுண்ணி வர்க்கத்தின்மீதும் என்பதே எமது துணிபு. 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படிகளில் பணத்தின் வல்லமையை ஆராய முற்பட்ட மார்க்ஸ், சேக்ஸ்பியரோடு கேதேயின் மெபிஸ்ரோபிலிஸையும் துணைக்கழைத்தமை இவ்விடத்திற் கருதற்பாலது. பணத்தை மனித ஆற்றலின் அந்நியமாக்கப்பட்ட வடிவமாக அவர் கண்டார். அச்சகத்தின் பிழையாகக் காணவில்லை.

வைட்மனின் வாசிப்புக்குப் பெருஞ்சோதனையாக அமைவது நான்காம் அங்கமாகும். பேரரசு வீழ்ந்த கதையை மெபிஸ்ரோபிலிஸ் அங்கே எடுத்துரைக்கும்போது, போலிச் செல்வம் கைக்கு வந்ததும் பேரரசன் இன்பத்தில் ஆழ்ந்தமையும், கோட்டை கோட்டையோடும் நகர் நகரோடும் மோதியமையும் பேசப்படுகின்றன, விலையேற்றம் பேசப்படவில்லை. மாயப்படையின் துணையுடன் போட்டி அரசனை வென்றபின் பேரரசன் என்ன செய்கின்றான்? வரி, திறை, சுங்கம், சுரங்கம், உப்பு ஆகியவற்றின் உரிமைகளோடு நாணயம் அடிக்கும் உரிமையையும் பெருங்குறுநில மன்னருக்குத் தாரைவார்க்கின்றான். பேராயரோ, பௌஸ்ட் கடலிலிருந்து இனிமேல்தான் மீட்கவிருக்கும் நிலத்துக்கும் திருச்சபை வரி கேட்டு மீண்டும் மீண்டும் வருகின்றார். பணத்தாளில் தொடங்கிய அரசியற் கதை, அரசு தன் நாணய உரிமையையே ஆதிக்க வர்க்கத்திடம் கையளிப்பதில் முடிவுறுகின்றது. முதலாம் அங்கத்தைப் பாதியாகவும் நான்காம் அங்கத்தை முற்றாகவும் விட்டுவிட்டாலன்றி, மத்திய வங்கியை மக்களாட்சியிலிருந்து விலக்கி வைப்பதற்குக் கேதேயைச் சாட்சியாக்க முடியாது.

ஜேர்மனியரின் அச்சத்துக்கு 1923 ஒரு காரணம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அவ்வாண்டின் வரலாறும் பெரும்பாலும் பாதியாகவே சொல்லப்படுகின்றது. நேச நாடுகளின் வற்புறுத்தலால் ஜேர்மன் மத்திய வங்கிக்கு 1922 மே மாதத்திலேயே சட்டத்தால் சுயாதீனம் வழங்கப்பட்டுவிட்டது. பணவீக்கம் கட்டுக்கடங்காது பெருகியது அதன் பின்னராகும். போர் இழப்பீடு, றூர் பிரதேச ஆக்கிரமிப்பு, உற்பத்தி முடக்கம் ஆகியவற்றைத் தவிர்த்துவிட்டு அச்சியந்திரத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது வரலாற்று நோக்காகாது.

மறுபுறம், அரசுக்குத் தேவையான பணத்தை மத்திய வங்கி தாராளமாக ஆக்கினாற் போதும், வறுமை நீங்கிவிடும் என்று கருதும் முற்போக்காளரும் எம்மிடையே உளர். அவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் நாடு கனடா. 1935இல் தனியார் பங்குகளோடு தொடங்கிய கனடா வங்கி 1938இல் முற்றாக அரசுடைமையாகிப் போர்க்காலச் செலவுக்குத் தோள்கொடுத்தது உண்மையே. ஆனால் அக்காலத்திலேயே கனடாவில் கடுமையான வரிகளும், விலைக் கட்டுப்பாடும், பங்கீட்டு முறையும், மக்களிடம் முறி விற்பனையும் நடைமுறையிலிருந்தன. பணம் உழைப்பைத் திரட்டியது. வரியும் பங்கீடும் அப்பணம் மேல்தட்டு நுகர்வாகப் பாயாமல் தடுத்தன. இவ்விரண்டாவது பாதியை மறந்த கனடாக் கதை, நான்காம் அங்கத்தை மறந்த பௌஸ்ட் கதையை ஒத்ததே. ஐந்தாம் அங்கத்தில் பௌஸ்ட் கடலை மறித்து நிலம் மீட்கும் மாபெரும் பணியும் இரவிலே சிந்தப்பட்ட மனித இரத்தத்தின்மீது எழுந்ததென முதியவள் பௌசிஸ் கூறுவதை நாம் மறத்தலாகாது. உற்பத்திக்குச் செலவிடப்படும் பணமும், உழைப்போரின் கட்டுப்பாட்டில் இல்லாதவிடத்து, அவர்களையே பலிகொள்ளும்.

இவ்வாராய்ச்சி எமக்கு ஏன் வேண்டும் என வினவுவோர் எமது நாட்டின் அண்மைக்கால வரலாற்றை நோக்குவார்களாக. 1949ஆம் ஆண்டின் நாணய விதிச் சட்டம், அமெரிக்கரான ஜோன் எக்ஸ்ரரின் வழிகாட்டலில் ஆக்கப்பட்டதாயினும், மதிப்பிடப்பட்ட அரச வருவாயின் பத்து வீதம் வரை திறைசேரிக்குத் தற்காலிக முற்பணம் வழங்க மத்திய வங்கிக்கு இடமளித்தது. 2019இன் இறுதியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டதோடு ஏனைய வரிகள் பலவும் குறைக்கப்பட்டன, சில நீக்கப்பட்டன. தொடர்ந்த ஆண்டுகளில் திறைசேரி உண்டியல்களை மத்திய வங்கி வாங்கிக் குவித்தது. 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியது. வெளிநாட்டு நாணயக் கையிருப்பு வற்றியமையும் இதில் பெரும்பங்கு வகித்தது. ஆயினும் பேரரசனின் திறைசேரி அதிகாரி இங்கே இருந்திருப்பின், அச்சியந்திரத்துக்கு முன்னர் விட்டுக்கொடுக்கப்பட்ட வரிகளையே சுட்டிக்காட்டியிருப்பார்.

இதற்குக் கண்ட பரிகாரம் 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம். அரசுக்கு மத்திய வங்கி நேரடியாக நிதியளித்தல் அதனாற் தடைசெய்யப்பட்டது. சர்வதேச நாணய நிதியத்தின் நிகழ்ச்சித்திட்டத்தோடு பிணைந்த இச்சட்டத்தை, பணவீக்கத்தால் வயிறு காய்ந்த மக்கள் வரவேற்றிருப்பின் அதில் வியப்பில்லை. எனினும் அச்சிடும் கை கட்டப்பட்ட அதே ஆண்டில், உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின் சுமை எவர்மீது இறக்கப்பட்டது? வணிக வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகள் அதிலிருந்து விலக்கப்பட்டன. ஊழியர் சேமலாப நிதியம் போன்ற ஓய்வூதிய நிதியங்களின் முறிகள் உட்படுத்தப்பட்டன. தம் முறிகளை மாற்றிக்கொள்ள மறுக்கும் நிதியங்களுக்கு 14 வீதத்துக்குப் பதிலாக 30 வீத வரி விதிக்கப்படுமென்பதே அவற்றின் முன் வைக்கப்பட்ட தெரிவு. அந்நிதியத்திலிருப்பது தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் கடையிலும் உழைத்தோரின் மாதாந்தக் கூலியிலிருந்து கழிக்கப்பட்ட பணமாகும்.