அனுமதிப்பத்திரமும் நிலமும்

மாணிக்கத் தொழிலில் அரசின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினால் ஏழையும் பிழைப்பான் என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்தை நாம் முற்றாகத் தள்ளவில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டம் அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனத்தை நிறுவியது. 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டம் இன்றைய அதிகாரசபையைத் தந்தது. அகழவும் விற்கவும் அனுமதிப்பத்திரம் வேண்டும்; அதற்காகச் சிறியவன் அலையும் அலைச்சலை யார் மறுப்பர்?

ஆனால், இரத்தினபுரித் தோட்டத்து லயத்தில் வாழும் தொழிலாளியை இவ்வாதம் காணவில்லை. அகழ விண்ணப்பிப்பவன் நிலத்தில் தனக்குள்ள உரிமையையோ, உரியவரின் சம்மதத்தையோ காட்டவேண்டும். இவனுக்கோ படுக்கும் அறையே சொந்தமன்று. 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமை, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு எஞ்சியோர்க்கும் கிடைத்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. பெரும்பாலோர்க்கு நிலம் மட்டும் வரவேயில்லை. கட்டணத்தைப் பாதியாக்கினாலும், படிவத்தை ஒரே தாளில் அடக்கினாலும் இவனுக்கு என்ன? பிறர் குழியில் இறங்கி 'இல்லம்' அள்ளலாம். (இல்லம் என்பது அங்கே மணி பொதிந்த சரளை, வீடன்று.) பங்கு பிரிக்கும்போது நிலக்காரருக்கும் முதல் போட்டவருக்கும் பின்னே நிற்கலாம்.

குழியை மூடுவதற்கென முன்கூட்டியே பிணைப்பணம் வாங்கும் விதியும் வீண் தடைதானா? மூடாத குழியில் மழைநீர் நிற்கும்; அதன் ஓரமாகப் பள்ளிக்கு நடப்பவர்கள் லயத்துப் பிள்ளைகள்.