கோஜிப் பழமும் சுக்குட்டி வத்தலும்

அச்சங்குளத்துச் சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குழுவில் ஒரு பதிவு: கோஜிப் பழம் தின்று 256 வருசம் வாழ்ந்த சீனராம். லீ சிங்-யுவென் என்ற அவர் 1933-இல் இறந்தார். அந்த வயதுக்குத்தான் நம்பத்தக்க சான்று கிடையாது.

அதை விடுங்க. என்னை உறுத்தியது, பழத்தைப் புகழ்ந்துவிட்டுப் பக்குவத்தை விட்டதுதான். சீன வைத்தியத்தில் கோஜி பெரும்பாலும் கூட்டுச் சரக்கு. உலர்ந்த பழத்தைக் கொஞ்சமாக எடுத்துக் கஞ்சியிலோ சூப்பிலோ போடுவார்கள். கண்ணுக்கென்றால் செவ்வந்திப் பூவோடு வெந்நீரில் ஊறவைத்துக் குடிப்பார்கள்.

பதிவுக்குக் கீழே ஒருவர், "நம்ம சுக்குட்டியே போதும், பச்சைக்காயை அரைச்சுக் குடிங்க" என்கிறார். சுக்குட்டி என்கிற மணத்தக்காளியும் கோஜியும் கத்தரிக் குடும்பம்தான், சரி. ஆனால் பச்சைக்காயில் சோலனின் என்ற நச்சு உண்டு. நம் வீடுகளில் யாரும் அதை அரைத்துக் குடித்ததில்லை. உப்பு மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி மோரில் போட்டு, வத்தலாக்கி, குழம்புக்கு ஒரு பிடி வறுப்பார்கள். அவ்வளவுதான்.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை போடுகிறவர்களுக்குக் கோஜியால் இரத்தக்கசிவு ஏற்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. எங்க குழுவிலேயே அந்த மாத்திரை போடுற பெரியப்பா இருக்கார். அந்தப் பதிவுக்கு முதல் கும்பிடு போட்டதும் அவர்தான்.