அரிஸ்டாட்டிலின் உயில்

தத்துவம் என்றாலே கொட்டாவி விடுகிற ஆசாமியா நீங்கள்? உங்களுக்காகவே கி.பி. மூன்றாம் நூற்றாண்டுவாக்கில் ஒருத்தர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பெயர் டயோஜெனிஸ் லயேர்ஷியஸ். (தாழிக்குள் குடியிருந்த டயோஜெனிஸ் வேறு ஆள்.) கிரேக்கத் தத்துவ ஞானிகளின் வாழ்க்கைக் கதைகள், மொத்தம் பத்து பாகம். 2018-ல் பமேலா மென்ஷின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது.

புத்தகம் பூரா வம்பு. தேல்ஸ் நட்சத்திரம் பார்க்கப்போய் பள்ளத்தில் விழுந்தார். கிரிசிப்பஸ், கழுதை அத்திப்பழம் தின்றதைப் பார்த்துச் சிரித்தே செத்தார். எம்பெடோக்ளிஸுக்கு எரிமலை, தூக்கு, கடல் என்று விதவிதமான சாவு. எது நிஜம்? இவருக்குக் கவலையே இல்லை. போதாக்குறைக்கு நடுநடுவே சொந்தமாக சுமார் கவிதைகள் வேறு. கொள்கையை விளக்கவேண்டிய இடத்தில் பல சமயம் பட்டியல் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். பண்டிதர்கள் இவரைக் கிண்டலடித்ததில் நியாயம் உண்டு.

ஆனால், எபிகியூரஸ் எழுதியதாகச் சொல்லப்படும் 300 சுருள்களில் முழுசாக நமக்குக் கிடைத்திருப்பவை மூன்று கடிதங்களும் 40 கோட்பாட்டு வாசகங்களும்தான். அவையும் இந்த வம்புக்காரர் தன் புத்தகத்தில் அப்படியே எடுத்துப் போட்டதால் பிழைத்தவை.

பி.காம். படித்த எனக்கு அதைவிடப் பெரிய புதையல், அரிஸ்டாட்டிலின் உயில். 'அரசியல்' நூலில், சிலர் பிறவியிலேயே அடிமைகள் என்று வாதாடியவர் அவர். உயிலில் என்ன எழுதுகிறார்? எனக்குப் பணிவிடை செய்த பையன்களை விற்காதீர்கள்; வயது வந்ததும், தகுதி இருந்தால் விடுதலை செய்யுங்கள் என்கிறார். பிறவி அடிமைக்கு எதற்கய்யா விடுதலை?

உடனே கைதட்டிவிடவும் முடியவில்லை. தன்னோடு வாழ்ந்த ஹெர்பில்லிஸ் என்ற பெண்ணுக்கு, நன்றாகப் பார்த்துக்கொண்டாள் என்று நன்றி சொல்லி, வெள்ளியும் வீடும் தருகிறார். கூடவே, பாத்திரம் பண்டம் மாதிரி, மூன்று வேலைக்காரப் பெண்களையும் எழுதி வைக்கிறார். கடைசியில், முன்பே இறந்துபோன மனைவி பிதியாஸின் எலும்புகளை, அவள் கேட்டுக்கொண்டபடி, தன்னோடு சேர்த்துப் புதைக்கச் சொல்கிறார்.

மேடையில் பேசியது ஒன்று, சொத்தைப் பிரிக்கும்போது செய்தது இன்னொன்று. அதிலும் பாதிதான் மனசு வந்திருக்கிறது. அரிஸ்டாட்டிலைப் பற்றிய கனமான உரைகளில் இந்தத் தடுமாற்றம் இவ்வளவு பட்டவர்த்தனமாகத் தெரிவதில்லை. கருத்துச் சொல்லத் தெரியாத லயேர்ஷியஸ், பத்திரத்தை மட்டும் நம் முன்னால் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். அதுவே அவர் செய்த உபகாரம்.

முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் நிச்சயம் தூங்கிவிடுவீர்கள். நேராக ஐந்தாம் பாகத்துக்குப் போங்கள். அங்கேதான் உயில் இருக்கிறது.