ஜெயித்த வழக்கு, கெட்ட கிணறு

சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற யாரும் வேலூர் வழக்கைத் தாண்டிப் போக முடியாது. பாலாற்றில் கலக்கும் தோல் ஆலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது 1991இல். 1996 ஆகஸ்டில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது உறுதிப்படுத்தியது.

இது சாதாரண வெற்றி இல்லை. வாணியம்பாடிப் பக்கத்து விவசாயி ஒருவர் தனியாக வழக்காடியிருந்தால், தன் கிணறு எந்த ஆலையால் கெட்டது என்று நிரூபிப்பதற்குள் அவர் ஆயுளே முடிந்திருக்கும். தீங்கில்லை என்று காட்டும் பொறுப்பைத் தீர்ப்பு ஆலைக்காரர் தலையில் வைத்தது. அந்நியச் செலாவணி ஈட்டும் தொழிலாயிற்றே என்ற வாதத்துக்கும் நீதிபதிகள் மசியவில்லை. சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

சரி, பணம்? சின்ன ஆலையோ பெரிய ஆலையோ, எல்லாவற்றுக்கும் ஒரே அபராதம்: 10,000 ரூபாய். தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001இல் 29,000க்கும் மேற்பட்டோருக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் தலைக்குப் பத்தாயிரம்கூட வராது. அதுவும் எல்லார் கைக்கும் போய்ச் சேராததால், அரசு முதலில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கட்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. கூடவே, கண்காணிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் இன்னொரு குழு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் செய்ய வேண்டிய வேலையை நீதிமன்றம் இழுத்துப் போட்டுக்கொள்ளும்போது, வாரியம் அடுத்த வாய்தாவுக்கு அறிக்கை தயாரிக்கும் அலுவலகமாகச் சுருங்கிவிடுகிறது. பொதுநல வழக்கில் என்னை அதிகம் உறுத்துவது இந்தப் பழக்கம்தான்.

இன்னொரு குறை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆறும் கிணறும் விளைநிலமும் மனுவுக்குள் எளிதில் வந்துவிடுகின்றன. சுண்ணாம்புத் தொட்டியில் தோலை இழுக்கிற கூலியாள் வருவதில்லை. ஆலையை மூடினால் வேலை போவதும், ஓடினால் ரசாயனத்தில் கை வெந்துபோவதும் அவருக்குத்தான். ஆற்றைக் காக்க நீதிமன்றம் வற்புறுத்திய பரிகாரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையம். அப்படியொரு நிலையத்தில், ராணிப்பேட்டை சிப்காட்டில், 2015 ஜனவரிக் கடைசியில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 10 பேர் அந்தக் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள்.