பிரியாவிடைப் பிரசங்கம்: கடைசி வார்த்தை யாருக்கு?

வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர், நீக்கியவங்க முன்னாடியே நின்று கடைசியாக ஒருமுறை பேச வேண்டும். என்ன பேசுவார்? ஜோனத்தன் எட்வர்ட்ஸின் பிரியாவிடைப் பிரசங்கத்தை மறுபடி படிச்சப்ப இந்தக் கேள்விதான் மனசுல ஓடிக்கிட்டே இருந்தது. 1750 ஜூலை 1 அன்று, அப்போது பிரிட்டிஷ் காலனியாக இருந்த மாசசூசெட்ஸில், நார்த்தாம்ப்டன் சபையில் அவர் ஆற்றியது அது.

பின்னணி சுருக்கமாக. அவருடைய தாத்தா சாலமன் ஸ்டாடர்ட் அதே சபையின் போதகராக இருந்தபோது, ஒழுங்காக வாழ்பவர்கள் எல்லோரையும் இராப்போஜனத்துக்கு அனுமதித்தார். எட்வர்ட்ஸோ, உள்ளார்ந்த விசுவாசத்தை அறிக்கை செய்பவர்களுக்கு மட்டும்தான் என்று மாற்ற முயன்றார். சபையின் ஆண் உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். சுமார் 230 பேர் அவருக்கு எதிர்ப்பு, ஆதரவு 23 பேர்தான். ஜூன் 22-ல் பதவி போனது. வயது 46. பெரிய குடும்பம், வேறு வேலை எதுவும் கையில் இல்லை.

பிரசங்கத்தில் அவர் யாரையும் திட்டவில்லை. இதைப் பலரும் பாராட்டுகிறார்கள், நியாயம்தான். ஆனா திட்டுவதைவிட வலுவான ஒன்றை அவர் செய்கிறார். 2 கொரிந்தியர் 1:14-ஐ எடுத்துக்கொண்டு, போதகரும் சபையும் நியாயத்தீர்ப்பு நாளில் மறுபடி சந்திப்பார்கள், யார் சரி என்பது அங்கே வெளிப்படும் என்கிறார். அதாவது வாக்கெடுப்பில் தோற்ற வழக்கை, எதிர்த்தரப்பு வாயே திறக்க முடியாத ஒரு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறார்.

இன்னொன்று கவனிங்க. இங்கே தான் ஊழியம் செய்த 23 ஆண்டுகளைச் சொல்லும்போது எரேமியா 25:3-ஐ நினைவுபடுத்துகிறார். எரேமியாவும் 23 ஆண்டுகள் பேசினார், ஜனங்கள் கேட்கவில்லை. கணக்கு சரிதான். ஆனால் அந்த ஒப்பீடு வந்த உடனே, கீழே உட்கார்ந்திருப்பவர்கள் தீர்க்கதரிசிக்குச் செவிகொடுக்காத கூட்டமாகிவிடுகிறார்கள்!

வாலிபர்களிடம் பேசும்போது, அவர்களுடைய நன்மையைத்தான் தேடினேன், அவமானத்தை அல்ல என்கிறார். 1744-ல் என்ன நடந்தது? மருத்துவச்சிகளுக்கான ஒரு புத்தகத்தை வைத்துச் சில இளைஞர்கள் பெண்களைக் கேலி செய்த விவகாரத்தில், குற்றம் சாட்டப்பட்டவர் யார், சாட்சி யார் என்று பிரிக்காமலே பெயர்களைச் சபையில் வாசித்தவர் இவர்தான். ஊரின் மனக்கசப்புக்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் பட்டியல் பற்றிப் பிரசங்கத்தில் பேச்சே இல்லை.

இதோடு 1 சாமுவேல் 12-ஐ ஒப்பிட்டுப் பாருங்க. சாமுவேலும் தலைமைப் பொறுப்பிலிருந்து ஒதுங்கும் நேரம் அது. யாருடைய எருதை எடுத்தேன், யாருக்கு அநியாயம் செய்தேன் என்று ஜனங்களிடமே கேட்கிறார். அவர்கள் பதில் சொல்கிறார்கள். அந்தப் பதிலும் அதே அதிகாரத்தில் பதிவாகியிருக்கிறது. பிறகு அவரும் அவர்களைக் கடிந்துகொள்கிறார்தான், ஆனா கேட்டுவிட்டுத்தான். எட்வர்ட்ஸ் கேட்கவில்லை.

பிரசங்கம் அடுத்த ஆண்டே பாஸ்டனில் அச்சாகிவிட்டது. எதிர்ப்பை முன்னின்று நடத்திய உறவினர் ஜோசப் ஹாலி, பின்னாளில் மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதம் 1760-ல் அச்சில் வந்தது. 1900-ல், பதவி நீக்கத்தின் 150-வது ஆண்டு நிறைவு நாளில், அதே சபை எட்வர்ட்ஸுக்கு நினைவுச் சின்னம் திறந்தது. அவர் மறுமைக்குத் தள்ளிவைத்த வழக்கில் பூமியிலேயே தீர்ப்பு வந்துவிட்டது.

எட்வர்ட்ஸ் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய வலி உண்மை, சபை மேல் வைத்த அன்பும் உண்மை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த 230 பேரில் பெரும்பாலோரை இன்று நாம் அவர் பிரசங்கம் வழியாகத்தான் அறிகிறோம். அவர்களுக்கு அச்சேறிய பிரசங்கம் இல்லை. அதனால ஒரு தலைவரின் பிரியாவிடை உரையைப் படிக்கும்போது, அவர் என்ன சொன்னார் என்பதோடு நிறுத்திடாதீங்க. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் பதில் சொல்ல இடம் வைத்தாரா என்றும் பாருங்க.